தடம் மாறும் பேச்சை மெஷின் அளக்குமா?

இன்னைக்கு கொஞ்சம் கனமான டாபிக். மனச்சிதைவு, அதாவது ஸ்கிட்சோஃப்ரீனியா இருக்கிற சிலரோட பேச்சு, போற தடத்தை விட்டு விலகிடும். "காலையில என்ன சாப்பிட்டீங்க?"னு கேட்டா, "இட்லி. சட்னி சூடா இருந்துச்சு. தண்டவாளமும் சூடுதான், அதனால மாமா லீவு போட்டாரு"ன்னு பதில் வரலாம். இது நானே உருவாக்கின உதாரணம். ஒவ்வொரு வாக்கியமும் இலக்கணப்படி சரி, கோர்வைதான் இல்லை. 1979-ல நான்சி ஆண்ட்ரியாசன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இந்த மாதிரிப் பேச்சுக் கோளாறுகளை 18 வகையா பிரிச்சு வரையறுத்தாங்க. ஆனாலும் கேட்டு மார்க் போடறது ஒரு டாக்டரோட காதுதான்.

அந்த வேலையை கோடு செய்யுமா? 2007-ல ப்ரீட்டா எல்வெவாக் குழு செஞ்சு பாத்தாங்க. எந்த வார்த்தை எந்த வார்த்தையோட சேர்ந்து வருதுன்னு ஏராளமான நூல்களைப் படிச்சு, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு எண்வரிசை கொடுக்கிற முறை அது. இட்லியும் சட்னியும் கிட்டக்கிட்ட விழும், தண்டவாளம் தூரமா விழும். அடுத்தடுத்த வாக்கியங்களுக்கு நடுவுல உள்ள தூரத்தை அளந்தா, பேச்சு எங்க தாவுதுன்னு எண்ணா கிடைச்சிடும்.

2015-ல வந்த ஒரு ஆய்வுதான் இதைப் பிரபலமாக்குச்சு. கொலம்பியா பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து, நியூயார்க்ல நோய் வரக்கூடிய அபாயத்துல இருந்த 34 இளைஞர்களோட நேர்காணலை எடுத்துக்கிட்டாங்க. பின்னாடி அதுல 5 பேருக்கு நோய் வந்துச்சு. அந்த 5 பேரையும் மெஷின் சரியா பிரிச்சுக் காட்டுச்சு. எனக்குப் பிடிச்ச விஷயம், அவங்க எடுத்தது சராசரித் தொடர்ச்சியை இல்லை. மொத்தப் பேச்சுலயே இணைப்பு அதிகமா அறுந்த அந்த ஒரே இடத்தை. அதோட வாக்கிய நீளமும், 'தட்', 'விச்' மாதிரி சொற்களோட எண்ணிக்கையும்.

100% சரின்னு செய்தி பறந்துச்சு. கொஞ்சம் பொறுங்க. "யாருக்குமே வராது"ன்னு கண்ணை மூடிட்டு சொல்ற ஒரு புரோகிராம் எழுதினாலும், 34-ல 29 சரியா வரும். அதுவே 85%. ஆனா அது அந்த 5 பேரையும் கோட்டை விட்டுடும். 2018-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல 59 பேரை வச்சு உருவாக்கின மாடல், அங்க 83%, அதே பழைய நியூயார்க் பேச்சுல 79% எடுத்துச்சு. சதவீதத்தை மட்டும் பாத்தா என்னோட சோம்பேறி புரோகிராமைவிட இது கம்மி! அதனால இந்த மாதிரி செய்தி வந்தா சதவீதத்தை விட்டுடுங்க. நோய் வரப்போற எத்தனை பேரைப் பிடிச்சுது, வராத எத்தனை பேரை வீணா பயமுறுத்திச்சுன்னு கேளுங்க. இருபது வயசுல ஒருத்தர்கிட்ட "உனக்கு இது வரலாம்"னு சொல்றது சின்ன விஷயமா என்ன?

தூரத்தை அளக்கிறதுலயும் சிக்கல் இருக்கு. அதே 2018-ல ஸ்டான்ஃபோர்டோட டான் ஜுராஃப்ஸ்கி குழு காட்டினது: சொன்னதையே திரும்பத் திரும்ப சொன்னா மெஷின் "ஆஹா, என்ன கோர்வை"ன்னு மார்க் போடும், ஏன்னா வாக்கியங்கள் ஒண்ணுபோல இருக்கு. "ம்ம்", "வந்து" மாதிரி இழுவைகளும் கணக்கைக் குழப்பும். வாக்கியம் குட்டையா இருந்தாலே மார்க் குறையும். கம்மியா பேசுறவங்க, வெக்கப்படறவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க.

நம்ம பேச்சுக்கு வந்தா கதையே வேற. இங்க்லீஷ்ல "தி பாய் ஹூ கேம்"னு இணைக்கிற இடத்துல நாம "வந்த பையன்"னு வினையிலேயே முடிச்சிடறோம். 'விச்', 'தட்' எண்ற அளவுகோல் இங்க அப்படியே பொருந்தாது. பாதி தமிழ், பாதி இங்க்லீஷா நாம பேசறதை, இங்க்லீஷ் மட்டுமே படிச்ச மெஷின் தாவல்னே எழுதிக்கும். நம்மாளுங்க பேச்சை அளக்கணும்னா, நம்மாளுங்க பேச்சுல இருந்தே ஆரம்பிக்கணும். அந்த மார்க்கும் டாக்டர் கையில ஒரு குறிப்பா இருக்கட்டும், தீர்ப்பா வேண்டாம்.