காற்று மாறும்போது வீடும் மாறும்

வாசலும் வழியும் – 9

என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு காலத்தில் கைப்பிடியளவு பவளக்கல் ஒன்று இருந்தது. கற்பிட்டிக்கு முதன்முதல் போன ஞாபகமாகக் கரையில் ஒதுங்கிக் கிடந்ததைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தேன். கடலுக்குள் அதற்கு எத்தனை நிறம் இருந்ததோ, அலுமாரிக்குள் வந்தபின் பழைய பல்லின் நிறம்தான். மழை மாதங்களில் மெல்லிய நாற்றம் வேறு. மூன்று வருடம் எவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் மாமி கேட்டார்: “இந்த எலும்பை ஏன் தம்பி இங்க வச்சிருக்கிறியள்?”

பதில் சொல்ல முடியவில்லை. பயணம் போன இடத்தின் அழகை வீட்டுக்குள் கொண்டுவர நினைத்தேன். வந்து சேர்ந்தது எலும்பு. பிழை எங்கே என்று பார்க்கத்தான் அதே கரைக்கு மறுபடி போனேன். இந்த முறை பையில் அந்தக் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

பாலாவிச் சந்தியில் கொழும்பு–புத்தளம் வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிப் பாதை. வலக்கைப் பக்கம் களப்பு, இடக்கைப் பக்கம் தென்னைகளுக்கு அப்பால் கடல். பாலாவியை அண்டிய உப்பளங்களில் வெயில் ஏற ஏற நீர் வற்றி, பாத்திகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் கொள்ளும்: ஒன்று சாம்பல், ஒன்று மங்கிய ரோசா, அதற்கடுத்தது கண் கூசும் வெள்ளை. வாரி எடுத்த உப்பை அம்பாரமாகக் குவித்து, மழை வருமுன் கிடுகால் மூடிவிடுவார்கள். வெள்ளைக் குவியலின் மேல் வைக்கோல் நிறத்தில் ஒரு கூரை. வீட்டுச் சுவருக்கும் திரைச்சீலைக்கும் என்ன நிறம் பொருந்தும் என்று கடை கடையாகத் துணித்துண்டு புரட்டுகிறவர் அந்தக் குவியலின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

கிடுகைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புத்தளம், குருநாகல், கொழும்பு என்ற மூன்றையும் இணைத்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். தென்னை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் புத்தளம் மாவட்டத்து லுணுவிலையில்தான். மட்டையை நடுவால் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஓலைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னி எடுப்பது கிடுகு. உடப்பு என்ற கரையோர ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் முடைந்துகொண்டிருந்த அம்மாவிடம், பச்சையாகவே முடைந்தால் என்ன என்று கேட்டேன். “ஊறாத ஓலை ஒரு மழைக்கும் தாங்காது தம்பி” என்றார், கையை நிறுத்தாமலே.

அப்படிப் பின்னியதும் ஓரிரு வருடத்தில் உக்கிப்போகும். உக்குவதைக் குறை என்றுதான் நகரத்தில் சொல்வோம். இந்தக் கரையில் அதுவே வீட்டின் நாட்காட்டி. ஐப்பசி மழைக்கு முன் கூரை மேய வேண்டும் என்றால், அதற்கு முன் ஓலை சேர்க்க வேண்டும், ஊற வைக்க வேண்டும், முடைய ஆள் கூட வேண்டும். புதுக் கிடுகு ஏறிய வீட்டுக்குள் சில நாள் பச்சை கலந்த ஒரு மணம் நிற்கும்; உள்ளே விழும் வெளிச்சமும் பொன்னிறமாய் மாறும். எந்த அலங்காரக் கடையும் அதை விற்பதில்லை.

வேலியும் கிடுகுதான். அது வெறும் மறைப்பு என்று நானும் நினைத்திருந்தேன். மதில் காற்றை முழுக்கத் தடுத்தால், காற்று மேலே ஏறிச் சுழன்று மறுபக்கத்தில் மணலைக் கொட்டிவிட்டுப் போகும். கிடுகு வேலி காற்றைத் தடுக்காது. வடிகட்டி, வேகத்தைக் குறைத்து உள்ளே விடும். பால்கனியில் கண்ணாடித் தடுப்புப் போட்டுவிட்டுப் புழுங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவம் படித்தோம். கரையில் கணக்கு வேறு. அங்கே பருவம் என்றால் காற்று. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சோளகமும் கச்சானும் மேற்குக் கடலைக் கிளப்பிவிடும். பிறகு வாடை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சிலாபம், நீர்கொழும்புக் கரைகளின் மீனவர்கள் பலர் வள்ளம், வலையோடு கிழக்கே கொக்கிளாய், நாயாறு பக்கம் போய்விடுவார்கள். அங்கே அவர்கள் போடும் குடிலுக்குப் பெயர் வாடி. நாலு கம்பு, சில கிடுகு, ஒரு விளக்கு, சுவரில் செருகிய ஒரு சாமிப்படம் அல்லது அந்தோனியார் படம். காற்று திரும்பியதும் வாடியும் பிரிந்துவிடும்.

வாடிக்குள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவருக்கு ஒன்று விளங்கும். அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாத பொருள் எதுவும் இல்லை. வேலையில்லாத பொருளும் இல்லை. சுருட்டி மாட்டிய வலை, வரிசையாய்க் கோத்த மிதவை, பாயின் ஓரத்துச் சாயக்கோடு: அழகு எல்லாம் புழங்கு பொருளிலேயே இருக்கிறது. கண்ணாடிக்குள் பூட்டி வைக்க என்று தனியாக ஒன்றும் கிடையாது.

நிற்கும் வீடுகளும் ஆண்டு முழுக்க ஒரே கோலத்தில் நிற்பதில்லை. தைப்பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும். அன்று வாசலில் கோலம், நிறைகுடம், குருத்தோலைத் தோரணம். வைகாசியில் வெசாக் வரும்போது சிங்கள வீடுகளின் முகப்பில் கடதாசிக் கூடுகள் ஒளிரும். ஆடியில் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு. ஊரே வேப்பிலையும் மஞ்சளுமாக மாறும். தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் பங்குனியிலும் ஆடி–ஆவணியிலும் யாத்திரிகர் வந்து மரத்தடிகளில் கூடாரம் போடுவார்கள். மார்கழியில் பாலன் குடிலுக்கு மறுபடி கிடுகும் வைக்கோலும். நோன்புப் பெருநாளுக்குப் புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் புதுத் திரைச்சீலை. ஒரே மாவட்டத்துக் கரையில் இத்தனை வாசல். ஒவ்வொன்றும் சில நாளைக்குத்தான். அதனால்தான் அடுத்த வருடம் அதற்காகக் கண் காத்திருக்கிறது.

இதை ஜப்பானியர் ஒரு மூலைக்குள் சுருக்கி வைத்திருக்கிறார்கள். மரபான ஜப்பானிய வீட்டின் வரவேற்பறையில் டொக்கோனோமா என்று ஒரு மாடம் இருக்கும். அதில் ஒரு சித்திரச்சுருள், ஒரு பூச்சாடி. பருவம் மாறினால் இரண்டும் மாறும். மற்றவை பெட்டிக்குள் போய்விடும். வீடு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, ஒரு மூலை மாறினால் போதும் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

சரி, பருவத்தைப் பார்த்தோம். பயணம்?

இந்தக் கரையில் பயணம் வீட்டுக்குள் வந்து பல நூற்றாண்டாயிற்று. 1344இல் மாலைதீவிலிருந்து வந்து இறங்கிய இபின் பதூதா, பத்தாலா என்று குறித்த ஊர் புத்தளம்தான் என்பது ஆய்வாளர் கருத்து. மரவேலி சூழ்ந்த சிறிய, அழகான ஊர் என்று எழுதினார். வெள்ளம் அடித்து வந்த கறுவாத் தடிகள் கரையெங்கும் மலைபோல் குவிந்து கிடந்தன என்றும், மலபார்க்காரர் அவற்றை விலையின்றி எடுத்துக்கொண்டு அரசனுக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாகக் கொடுத்தார்கள் என்றும் குறித்திருக்கிறார். கறுவா போயிற்று, துணி வந்தது.

பிறகு போர்த்துக்கீசர். ஈழத்து வீட்டில் நாம் புழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சாவி, குசினி, விறாந்தை. அத்தனையும் போர்த்துக்கீசக் கப்பலில் வந்து இறங்கியவை. 1659இல் கற்பிட்டியைப் பிடித்த ஒல்லாந்தர், களப்பின் வாயிலைக் காக்க 1667இலிருந்து 1676 வரை கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. அவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று கந்தோர்.

சொல் மட்டுமா வந்தது? விறாந்தை என்ற சொல்லுக்குள் ஒரு யோசனையும் இருக்கிறது. வெயிலுக்கும் அறைக்கும் நடுவே நிழலான ஓர் இடம். மழையிலும் யன்னலைத் திறந்து வைக்கலாம். வருகிறவர் உள்ளே வராமலே உட்காரலாம். நம் திண்ணைக்கும் அதற்கும் உறவு விளங்கியதால்தான் அது அந்நியமாக நிற்கவில்லை. வெளியூரிலிருந்து வந்ததில் இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் ஒத்துவந்ததே வீட்டில் தங்கியது.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை குளிர்நாட்டு நகரம் ஒன்றில் பார்த்த வெல்வெட் திரையில் மனம் பறிகொடுத்து, அதேபோல் தைத்து மாட்டினேன். முதல் மாரியிலேயே பூஞ்சணம் பிடித்தது. அங்கே அது குளிரை வெளியே நிறுத்தியது. இங்கே புழுக்கத்தை உள்ளே பூட்டியது.

பயணம் எல்லாம் விரும்பிப் போனவையும் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது இந்தப் புத்தளம் கரையில். கையில் கொண்டுவர விட்டது மிகக் கொஞ்சம். அவர்களுக்குக் கிடைத்த முதல் கூரையும் கிடுகுதான். வீட்டு அலங்காரம் பற்றி எழுதும்போது இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொருள் எல்லாம் பறிபோன பின்னும் மனிதர் கூடவே வருவது பழக்கம் ஒன்றுதான். அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது, வாசலை எப்படிக் கூட்டுவது, விருந்தாளியை எங்கே உட்காரவைப்பது. ஊர் அதற்குள்தான் இருக்கிறது.

பழக்கத்தையும் நிறத்தையும் பயணத்திலிருந்து எடுப்பது எப்படி என்று காட்டிய ஒருவர் பார்பரா சன்சோனி. 1928இல் பிறந்து 2022இல் மறைந்த ஓவியர். இலங்கையெங்கும் பழைய கட்டடங்களைத் தேடிப் போய், இடித்து மறையுமுன் கோட்டோவியமாக்கினார். விகாரைகளும் விறாந்தைகளும் என்று பொருள்படும் தலைப்பில் 1978இல் வந்த அவரது நூல் அந்தத் தேடலின் விளைவு. 1960களில் கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையங்களுக்கு வடிவமைப்புச் செய்யப் போனவர், பிறகு பேர்ஃபுட் என்ற கைத்தறி நிறுவனத்தை உருவாக்கினார். தான் போன இடங்களின் மண்ணையும் கடலையும் இலையையும் நிறமாக்கித் தறியில் ஏற்றினார். எந்த இடத்திலிருந்தும் கல்லைப் பெயர்த்து வரவில்லை. கண்ணில் பட்டதையே கொண்டுவந்தார்.

என் பவளக்கல்லுக்கு இப்போது திரும்பலாம். கற்பிட்டிக்கு மேற்கே கடலுக்குள் இருக்கும் பார் ரீஃப் பவளத்திட்டு 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 300 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1998இல் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியபோது ஆழமற்ற பகுதிகளின் பவளம் பெருமளவில் வெளுத்துச் செத்தது. அதன் பிறகு மெல்ல மெல்லத் தளிர்த்தது. பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் நாட்டுச் சட்டப்படி குற்றம். செத்து ஒதுங்கிய துண்டுக்கும் கரையில் வேலை இருக்கிறது: அரைபட்டு மணலாவது. அந்த வேலையை நான் மூன்று வருடம் தடுத்து வைத்திருந்தேன்.

இரண்டாம் பயணத்தில் அதைக் கொண்டுபோய்க் கரையிலேயே விட்டுவிட்டேன். திரும்பும்போது கொண்டுவந்தவை மூன்று. வாடிக்குள் கண்டது: புழங்காத பொருள் வேண்டாம். வேலியில் கண்டது: மேற்குப் பக்கக் கண்ணாடித் தடுப்பைக் கழற்றிவிட்டுப் பிரப்பந்தட்டி. உப்பளத்தில் கண்டது: சுவருக்கு வெள்ளை, திரைக்கு வைக்கோல் நிறம், மெத்தை உறை ஒன்றுக்கு மட்டும் அந்த மங்கிய ரோசா.

அலுமாரியின் மேல்தட்டு இப்போது காற்றுக்கு உரியது. தையில் அங்கே ஒரு நிறைகுடம், பங்குனி வெயிலில் மண்சாடியில் ஒரு தென்னம்பாளை, மழை தொடங்கினால் ஒரு விளக்கு. இடையில் சில வாரம் ஒன்றுமே இருக்காது. மாமி போன வாரம் வந்தபோது அந்தத் தட்டைத்தான் முதலில் பார்த்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு தட்டைக் காலி செய்யுங்கள். இந்தப் பக்கத்தை மூடியதும் எழுந்து போய்ச் செய்துவிடுங்கள். அதில் என்ன வைப்பது என்பதை அடுத்த காற்று சொல்லட்டும்.