சிவப்பு விளக்கு சொன்ன சேதி

"இனிமேல் பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம். போனுக்குச் சார்ஜ் போடுகிற மாதிரி ராத்திரி செருகிவிட்டுப் படுத்தால் போதும்" என்றார் என்னவர், மின்சாரக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு. போன் வேறு, கார் வேறு என்பது அன்று ராத்திரியே தெரிந்துபோயிற்று.

காரோடு கொடுத்த சார்ஜரைப் போர்ட்டிகோவில் இருந்த 15 ஆம்பியர் ப்ளக்கில் செருகினோம். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. பிடுங்கி மறுபடி செருகினோம். கூடத்து ப்ளக்கில் பார்த்தோம். எங்கே போனாலும் சிவப்புதான். கூட வந்த புத்தகத்தைப் புரட்டினால், 'எர்த் கோளாறு' என்று போட்டிருந்தது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். "ஒண்ணுமில்லக்கா. ப்ளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன வயரால லூப் பண்ணிட்டா பச்சை எரிஞ்சிடும். அஞ்சு நிமிஷ வேலை." ஆபீசுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்த இவரும், "சரி, போட்டுடுப்பா" என்றுவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம், எங்கள் வாஷிங் மெஷின். ஈரக் கையோடு தொட்டால் 'சுருக்'கென்று ஒரு இழுப்பு இழுக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு துணி எடுப்பது எனக்குப் பழக்கமே ஆகிவிட்டது. "மெஷின்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்பார் அத்தை. இந்தச் சுருக்குக்கும் அந்தச் சிவப்பு விளக்குக்கும் ஏதோ உறவு இருக்குமோ என்று தோன்றியது. "கொஞ்சம் இரு தம்பி" என்று அவருக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற என் அண்ணாவுக்குப் போன் போட்டேன்.

அண்ணா போனிலேயே கத்தினார். "தொட விடாதேம்மா! லூப் போட்டா சார்ஜர் ஏமாந்து போகும், மின்சாரம் ஏமாறாது. நியூட்ரல் எங்கேயாவது அறுந்தாலோ, கம்பத்துல வேலை செய்யறவங்க ஃபேஸையும் நியூட்ரலையும் மாத்திக் குடுத்துட்டாலோ, கார் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிக்கும். சின்னவன் காரைத் தடவிக்கிட்டே திரியறானே, யோசிச்சுப் பாரு."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை. கார் வந்த நாளிலிருந்து அதைவிட்டு நகர்வதில்லை.

சாயங்காலம் அண்ணாவே மல்டிமீட்டரோடு வந்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 232 வோல்ட் காட்டியது, சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டுமாம். 140 தான் வந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, அங்கே 90! அதாவது, எங்கள் வீட்டில் மூன்றாவது ஓட்டை இருந்ததே தவிர, எர்த் இல்லை.

தோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளிவந்தது. வீடு கட்டியபோது மாமனார் போட்ட எர்த் குழியின் மேலேயே பிற்பாடு டைல்ஸ் ஒட்டி மூடியிருக்கிறார்கள். தண்ணீர் காணாமல் மண் வறண்டு, கம்பியும் துருவேறி அற்றுக் கிடந்தது. வேறு இடத்தில் 8 அடிக்குக் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, புது எர்த் கம்பி இழுத்தோம். அன்றைக்கே சிவப்பு போய்ப் பச்சை வந்தது. வாஷிங் மெஷினின் சுருக்கும் அன்றோடு நின்றது! இத்தனை நாள் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று என் மேலேயே எனக்குக் கோபம்.

அண்ணா இன்னொன்றும் சொன்னார். இந்தச் சார்ஜர் 3.3 கிலோவாட். மூன்று இஸ்திரிப் பெட்டிகளைச் சேர்ந்தாற்போல் ராத்திரி பூரா சூடாக்கி வைத்த மாதிரி. கீசர் 15 நிமிஷத்தில் அணைந்துவிடும். கார் எட்டு, பத்து மணி நேரம் இழுக்கும். ஆகவே எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் செப்பு வயரில் தனி லைன், அதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள்) போட்டோம். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டி வேண்டுமென்றால் அது 32 ஆம்பியர் சமாசாரம். வயரும் பெரிது, மின்வாரியத்தில் சுமையைக் கூட்டிக் கேட்டு எழுதிக் கொடுக்கவும் வேண்டும். தினம் 40 கிலோமீட்டர் ஓடும் எங்கள் காருக்கு ஆறேழு யூனிட்தான் ஆகிறது. எதற்கு வீண் செலவு என்று விட்டுவிட்டோம்.

பிறகும் இரண்டு தொல்லைகள் வந்தன. சாயங்காலம் தெருவெல்லாம் ஏ.சி. போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, சார்ஜ் பாதியில் நின்றது. இப்போது 11 மணிக்கு மேல்தான் போடுகிறோம். இன்னொரு நாள் ஏதோ தீய்ந்த வாடை. ப்ளக்கைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. உள்ளே ஒரு திருகு தளர்ந்து, பிளாஸ்டிக் பழுத்துப் போயிருந்தது. மலிவு ப்ளக் வாங்கியதன் வினை! நல்ல சாக்கெட்டாக மாற்றினோம். அதிலிருந்து, செருகி அரை மணி கழித்து, தோசைக்கல்லைப் பார்க்கிற மாதிரி, ப்ளக் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் உடனே நிறுத்திவிடுவேன்.

வெயில் காலத்தில் எர்த் குழிக்கு வாரம் இரண்டு வாளி தண்ணீர் விட வேண்டும். அந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். துளசிக்கு ஊற்றிவிட்டு, அடுத்த வாளி அதற்கு.