நட்டை முறுக்கும் முன்

ஹேண்ட் பிரேக் முன்பெல்லாம் ஐந்தாறு பல்லில் பிடித்தது, இப்போது லீவர் செங்குத்தாக நிற்கும் வரை இழுக்க வேண்டியிருக்கிறது என்று போனால், பல மெக்கானிக் ஷெட்களில் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான். லீவருக்கு அடியில் இருக்கும் நட்டை நாலு சுற்று முறுக்கிவிடுவார்கள். லீவர் உடனே கீழேயே பிடிக்கும், நமக்கும் சந்தோஷம். எனக்கு இந்த வைத்தியத்தில் உடன்பாடு இல்லை. டீ ஆறுவதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆல்டோ மாதிரி சின்னக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். காலால் மிதிப்பது ஆயில் அழுத்தமாக நான்கு சக்கரத்துக்கும் போகிறது. கையால் இழுப்பதில் ஆயிலே கிடையாது. சைக்கிள் பிரேக் மாதிரி வெறும் கேபிள். அது பின் டிரம்முக்குள் இருக்கும் ஒரு குட்டி நெம்புகோலை இழுக்க, இரண்டு ஷூவும் விரிந்து டிரம்மின் உட்சுவரைப் பிடிக்கும். ஆயில் மொத்தமும் ஒழுகிப்போனாலும் இது வேலை செய்யும்.

ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும். அதைத் தானாகச் சரிசெய்ய உள்ளே பல் வைத்த அட்ஜஸ்டர் ஒன்று இருக்கிறது. தூசியும் துருவும் ஏறி அது இறுகிக்கொண்டால் இடைவெளி அப்படியே நிற்கும், லீவர் மேலே வரும். அதாவது கோளாறு சக்கரத்தில். லீவர் அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் கேபிளை முறுக்கினால் உள்ளே இருக்கும் நெம்புகோல் முழுதாகத் திரும்பி உட்காராது. அது உட்கார்ந்தால்தான் அட்ஜஸ்டர் ஒழுங்காக வேலை செய்யும். ஷூவும் டிரம்மை உரசிக்கொண்டே ஓடிச் சூடாகும். கொஞ்ச நாளில் லீவர் மறுபடி ஏறும், மறுபடி நட்டை முறுக்குவார்கள்.

ஆகவே வேலையைச் சக்கரத்தில் தொடங்கச் சொல்லுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. லீவரை இறக்கி, கேபிள் நட்டைத் தளர்த்திவிட்டு டிரம்மைக் கழற்றட்டும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்காக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே சரி. வீல் சிலிண்டர் ஓரம் கசிந்து லைனிங் ஆயிலில் ஊறியிருந்தால், பெட்ரோல் விட்டுக் கழுவி மாட்டுவதெல்லாம் கண்துடைப்பு. கசிவை அடைத்துவிட்டு, இரண்டு பக்க ஷூவையும் மாற்றிவிட வேண்டியதுதான்.

அட்ஜஸ்டரைச் சுத்தம்செய்து, டிரம்மை மாட்டி, கால் பிரேக்கைப் பலமுறை மிதித்த பிறகுதான் கேபிளுக்கு வர வேண்டும். எத்தனை பல்லில் பிடிக்க வேண்டும் என்று உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். லீவர் கீழே இருக்கையில் இரண்டு சக்கரமும் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். இழுக்கும்போது இரண்டும் ஒன்றுபோல இறுக வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால், மற்றதன் கேபிள் உறைக்குள் துருவேறிச் சிக்கியிருக்க வாய்ப்புண்டு.

சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, காலை எடுத்து, வண்டியின் பாரம் அதில் உட்கார்ந்த பிறகு கியரைப் போடுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வீட்டில் நிற்கப்போகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கே வேண்டாம், ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரும் சக்கரத்துக்கு ஒரு கட்டையும் போதும்.

பிரேக் ஆயிலை யாரும் நினைப்பதே இல்லை. அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 3 ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் 140 இருந்தாலே தரச்சோதனையில் தேறிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கில் காலை வைத்தே இறங்கினால் பழைய ஆயில் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பொசுக்கென்று உள்ளே போகும். இரண்டாவது கியரில் இறங்குவதும், 2 வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும் இதற்காகத்தான்.

ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். கசிவு இல்லையென்றால் முன் பேட் தேய்ந்திருக்கும். நிரப்பி வைத்துவிட்டுப் புது பேட் மாட்டினால், திரும்பி வரும் ஆயில் டப்பா நிறைந்து வழிந்து, பட்ட இடத்தில் பெயின்ட்டை உரித்துவிடும்.