கையில் ஏழு கருவி... நெஞ்சில் ஒரு வலி!

உங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டை ஒரு நிமிஷம் திறந்து பாருங்களேன். பேட்டரி தீர்ந்துபோன பி.பி. மெஷின், தேதி முடிந்த ஸ்டிரிப்போடு ஒரு ஷுகர் மெஷின், கொரோனா சமயத்தில் அடித்துப் பிடித்து வாங்கிய விரல் கிளிப்... இதில் ஒன்றாவது இருக்குமே? இருக்கிறதென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

எங்கள் வீட்டில் இவை மூன்றுமே இருந்தன. போதாதென்று மணிக்கட்டில் கட்டும் இன்னொரு பி.பி. மெஷின், உடம்புக் கொழுப்பைச் சொல்லும் எடை மெஷின், நெஞ்சுத் துடிப்பைப் படமாக வரையும் ஸ்மார்ட் வாட்ச், ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு டிரெட்மில். ஆக மொத்தம் ஏழு!

எல்லாம் நான் வாங்கியதுதான். சின்ன வயசிலிருந்தே இந்தப் பைத்தியம் உண்டு. காலேஜ் நாட்களில் சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கி வந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரேடியோ பூட்டுவேன். பிறகு டேப் ரெக்கார்டர், கேமரா, கம்ப்யூட்டர். ஐம்பதைத் தாண்டியதும் ஆசை மெல்ல மெடிக்கல் கருவிகள் பக்கம் திரும்பியது. "ரேடியோவாவது பாட்டு பாடிச்சு. இது என்னங்க, சும்மா நம்பர் காட்டுது!" என்பாள் மனைவி.

அவள் சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று புரிய, ஒருநாள் நான் ஸ்ட்ரெச்சரில் படுக்க வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு 168!

முதலில் வந்தது பி.பி. மெஷின். புதுசு அல்லவா, விடுவேனா? காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன். ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "நேத்து ஊறுகாய் எத்தனை போட்டுக்கிட்டே?" என்று விசாரணை நடத்திக்கொண்டே பட்டனை அழுத்தினேன். 168க்கு 96!

எனக்கு வியர்த்துவிட்டது. "அம்மா, பி.பி. மாத்திரை இன்னொரு அரை சேர்த்துப் போட்டுக்கலாமா?" என்றேன்.

"ஏண்டா, நீ எப்போ டாக்டர் ஆனே?" என்றாள் அம்மா.

நல்லவேளை, அவள் மறுத்துவிட்டாள். மறுநாள் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனோம். அவர் அம்மாவை ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்தார். கொஞ்சம் அகலமான பட்டையைக் கட்டி அளந்தார். 134க்கு 82. "உங்க மெஷின்ல தப்பில்லை சார். பட்டைதான் அம்மா கைக்குச் சின்னது. கை பருமனா இருந்து பட்டை சின்னதா இருந்தா அளவு கூடுதலாத்தான் காட்டும். அதோட நீங்க பேச்சுக் கொடுத்திருக்கீங்க. காபி வேற!" என்றார்.

அந்த அரை மாத்திரை உள்ளே போயிருந்தால்? பி.பி. சட்டென்று இறங்கி, பாத்ரூமில் தலைசுற்றி விழுந்திருக்கலாம். எழுபத்தெட்டு வயசில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மணிக்கட்டு மெஷினின் கதை வேறு. அளக்கும்போது கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். கையை மடியில் போட்டுக்கொண்டு அளந்தால் கூடுதலாகக் காட்டும். தலைக்கு மேல் தூக்கினால் குறைத்துக் காட்டும். இதனால்தான் மேற்கையில் கட்டும் மெஷினையே டாக்டர்கள் சிபாரிசு செய்கிறார்கள்.

மாம்பழம் செய்த கூத்து

அடுத்து ஷுகர் மெஷின். ஒரு மே மாசத்துச் சாயங்காலம். மனைவி மாம்பழம் நறுக்கி எல்லோருக்கும் தட்டில் வைத்துவிட்டு, ஒரு துண்டுகூட வாயில் போடாமல் வந்து உட்கார்ந்தாள். விரலில் ஊசியைக் குத்தினேன். 246! வீடே அமளிப்பட்டது. அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வேறு விரலில் மறுபடி குத்தினோம். 118. முதலில் மெஷின் அளந்தது அவள் ரத்தத்தை மட்டுமல்ல, விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றையும் சேர்த்து!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு ஷுகர் மெஷின்களுக்கென்று 2013ல் வந்த சர்வதேசத் தர விதியே, 100க்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. லேபில் 200 என்றால் வீட்டில் 170 வரலாம், 230ம் வரலாம். ஆகவே நேற்று 142, இன்று 151 என்று பதறாதீர்கள். பல நாள் குறித்து வைத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் டாக்டருக்குத் தேவையானதும் அதுதான்.

பத்தாயிரம் யார் சொன்ன கணக்கு?

வாட்ச் வந்த பிறகு எனக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. தினமும் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும்! ராத்திரி 9,400ல் நின்றால், ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து மீதி அறுநூறை முடித்துவிட்டுத்தான் படுப்பேன்.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆராய்ச்சி எதிலிருந்தும் இல்லை. 1965ல் ஜப்பானில், அடிகளை எண்ணும் கருவி ஒன்று 'மான்போகேய்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 'பத்தாயிரம் அடி அளவி' என்று அர்த்தம். விற்பதற்காக வைத்த பெயர் உலகம் முழுக்க வைத்தியம் மாதிரி பரவிவிட்டது! 2019ல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தினம் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. 7,500 அடிக்கு மேல் போனபோது கூடுதல் பலன் பெரிதாக இல்லை. நடப்பது நல்லதுதான், நடங்கள். ஆனால் எண்ணிக்கை குறைந்த அன்று குற்றவாளி மாதிரி முழிக்க வேண்டாம்.

டிரெட்மில்லைப் பற்றிக் கேட்காதீர்கள். மூன்றாம் மாசத்திலிருந்து அதில் நாலு வேட்டியும் இரண்டு துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. எடை மெஷினும் அப்படித்தான். உடம்பில் மெல்லிய மின்சாரத்தை ஓட்டித்தான் அது கொழுப்பைக் கணக்கிடுகிறது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலே கணக்கு மாறிவிடும்.

அந்த ராத்திரி

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட். சாப்பிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் நடுவே யாரோ பலகையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. மணி பதினொன்று பத்து. வலி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு பாரம். தாடை லேசாகக் குடைந்தது. பனியன் நனைந்திருந்தது.

வேறு யாராவதாக இருந்தால் பயந்து ஓடியிருப்பார்கள். என்னிடம்தான் ஏழு கருவிகள் இருக்கின்றனவே! விரலில் கிளிப்பை மாட்டினேன். ஆக்சிஜன் 98. பிரமாதம்! பி.பி. 146க்கு 90. பரவாயில்லை. வாட்சில் விரலை வைத்து ஈ.சி.ஜி. எடுத்தேன். துடிப்பு சீராக இருப்பதாகச் சொன்னது.

"ஒண்ணுமில்லை, வாயுதான்" என்று தீர்ப்பு எழுதி, ஓமத் தண்ணீர் குடித்தேன். அரை மணி கழித்து மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன். அதே நம்பர்கள்.

பன்னிரண்டரை மணிக்கு மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, முகமே சரியில்லை. கிளம்புங்க."

"இரு, இதைப் பாரு, 98 காட்டுது..."

"அதை நான் பார்க்கலை. உங்களைத்தான் பார்க்கறேன். எந்திரிங்க!"

அவளே 108க்கு போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் நுழைந்தவுடன் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அடுத்த நிமிஷமே சுற்றி நின்றவர்களின் நடை மாறிவிட்டது. ஹார்ட் அட்டாக்! இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன். ஆனால் ரத்தம் போகாத அந்த நேரத்தில் இதயத் தசையில் கொஞ்சம் செத்துப்போய்விட்டது. அது இனி திரும்பி வராது. இன்றும் இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்கித்தான் மேலே போகிறேன். ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு நான் கொடுக்கும் வட்டி அது!

கருவிகள் பொய் சொல்லவில்லை

வார்டுக்கு வந்ததும் டாக்டரிடம் கேட்டேன். "என் கருவி எல்லாமே நல்லா இருக்குன்னுதானே சார் சொல்லிச்சு?"

அவர் பொறுமையாக விளக்கினார். விரல் கிளிப் அளப்பது ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை. ரத்தத்தில் ஆக்சிஜன் 98 இருக்கும்போதே, இதயக் குழாய் ஒன்று முழுக்க அடைத்திருக்கலாம். கிளிப்புக்கு அது தெரிய வழியே இல்லை. வாட்ச் எடுப்பது ஒரே கோணத்து ஈ.சி.ஜி. துடிப்பு தாறுமாறாக இருந்தால் பிடித்துவிடும், அதில் கெட்டிக்காரன். மாரடைப்பைக் கண்டுபிடிப்பது அதன் வேலையே இல்லை. ஆஸ்பத்திரி ஈ.சி.ஜி. பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறது. சில சமயம் அதிலும் முதல் தடவை தெரியாமல், ரத்தப் பரிசோதனை செய்து, மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கருவியும் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு!

உள்ளே நுழைந்த 90 நிமிஷத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது டாக்டர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு. அவர்கள் நிமிஷத்தை எண்ணுகிறார்கள். நாம் வீட்டில் மணிக்கணக்கை விடுகிறோம்.

ஆகவே நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல்... இதில் எது வந்தாலும் எந்த மெஷினையும் தேடாதீர்கள். நேரே 108தான். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பாக, குமட்டலாகக்கூட வரும்.

வீட்டில் அளப்பவர்களுக்கு...

* பி.பி. பார்ப்பதற்கு முந்தைய அரை மணியில் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். பட்டையை வெறும் கையில் கட்டுங்கள். பேசாதீர்கள்.

* ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் தொடர்ந்து 135க்கு 85ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* மெஷின் வாங்கும்போது கையின் சுற்றளவைச் சொல்லி, அதற்கேற்ற பட்டை கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது மெஷினையும் கொண்டுபோய் அவர் அளவோடு ஒப்பிடுங்கள்.

* ஷுகர் ஸ்டிரிப் டப்பாவை உடனே மூடுங்கள். தேதி முடிந்ததை உபயோகிக்காதீர்கள். ஒருவர் குத்திய ஊசி இன்னொருவருக்கு வேண்டவே வேண்டாம்.

* ஆக்சிஜன் பார்க்கும் விரலில் நகப்பூச்சு, மருதாணி கூடாது. விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். கறுத்த சருமத்தில் இக்கருவி சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

* நம்பரைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள்.

பைத்தியம் தெளிந்ததா?

முழுக்கத் தெளிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஊசியே குத்தாமல் சர்க்கரை அளக்கும் வாட்ச் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கை பரபரத்தது! விசாரித்தால், அப்படிச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. தோலுக்கடியில் மெல்லிய கம்பி வைத்து அளக்கும் சென்சார் வேறு. அதை டாக்டர்களே எழுதித் தருகிறார்கள்.

இப்போது வீட்டில் இரண்டே கருவிகள். பெரிய பட்டையோடு பி.பி. மெஷின் ஒன்று, ஷுகர் மெஷின் ஒன்று. பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு. வாரத்தில் இரண்டு நாள் அளந்து எழுதுகிறோம். நோட்டு மனைவியின் பொறுப்பு.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். 108, குடும்ப டாக்டர் நம்பர், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர். கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி: 'நெஞ்சு வலின்னா முதல்ல என்னை எழுப்பணும்!'

உங்கள் வீட்டிலும் இன்றைக்கே ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்களேன்.