அடிமாட்டு விலை இறங்கினால் காளைக்கன்று சாகும்

பொள்ளாச்சி சந்தைக்குச் செவ்வாயும் வியாழனும் வருகிற கேரள வியாபாரி, மாட்டின் முதுகையும் பின்தொடையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார். எத்தனை கிலோ கறி தேறும் என்பதைக் கண்ணாலேயே மதித்துவிடுகிறார். தராசு கிடையாது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை முடிகிறது. மாட்டை ஓட்டிவந்தவருக்குத் தரகர் வந்து சொல்கிற தொகைதான் விலை. ஈரோடு கருங்கல்பாளையத்திலும் மணப்பாறையிலும் இதே முறைதான்.

இப்படிப் போகிற மாடுகளில் கறிக்கென்று வளர்த்தது அநேகமாக ஒன்றுகூட இருக்காது. நாலைந்து ஈற்றுக் கறந்து ஓய்ந்தவை, சினை நிற்காமல் ஊசிமேல் ஊசி போட்டு வெறுத்தவை, மடிநோயில் ஒரு காம்பு போனவை. பால் மாடாக இருந்தபோது 60,000 ரூபாய் மதிப்புள்ள மாடு, அடிமாடாகிற அன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கு நின்றால் அதிர்ஷ்டம். ஆனாலும் அந்தப் பணம் சிறு விவசாயிக்குச் சின்னப் பணம் அல்ல. அடுத்த மாட்டுக்கு அதுதான் முன்பணம்.

350 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவில் 150 கிலோ அளவுக்குக் கறி தேறும். கறிக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் இறங்கினால் மாட்டுக்கு 3,000 ரூபாய் போயிற்று. பால் விலையில் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்து இதை ஈடுகட்ட 3,000 லிட்டர் கறக்க வேண்டும். நம் ஊர் மாடு பலவற்றுக்கு அது ஒரு முழு ஈற்றுக் கறவை. பால் விலைக்காகச் சாலையில் பாலைக் கொட்டிப் போராடுகிறோம். அடிமாட்டு விலை இறங்கும்போது யாரும் குரல் எழுப்புவதில்லை.

கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பக்ரீத் நெருங்கினால் லாரிகள் கூடும், விலையும் ஏறும். மழை பொய்த்தால் எல்லாம் தலைகீழ். 2016-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியபோது வைக்கோல் வாங்க வழியில்லாமல் நல்ல கறவை மாட்டைக்கூடச் சந்தைக்கு ஓட்டினார்கள். வாங்குகிறவர் கை ஓங்கியது. அந்தக் காயம் ஆறுவதற்குள் 2017 மே மாதம், அறுப்புக்காகச் சந்தையில் மாடு விற்பதற்கு மத்திய அரசின் கட்டுப்பாடு வந்தது; பிறகு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. விதி நின்றாலும், மாட்டு லாரியை வழிமறிக்கும் கும்பலுக்குப் பயந்த வியாபாரி அந்தப் பயத்தையும் விலையில்தான் கழித்துக்கொண்டார்.

அப்படியானால் கறிக்கென்றே கொழுக்க வைத்து விற்கலாமே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 250 கிலோ காளைக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோ கலப்புத் தீவனம், கிலோ 25 ரூபாய் என்றால் 75 ரூபாய். நன்றாகப் பராமரித்தால் அரை கிலோ எடை கூடும். உயிர் எடையில் ஒரு கிலோ ஏற்ற 150 ரூபாய். அதில் பாதிதான் கறி என்பதால் கறிக்குக் கிலோ 300 ரூபாய். வைக்கோலும் பசுந்தீவனமும் ஆள்கூலியும் இதில் சேரவில்லை. எந்தச் சந்தை வியாபாரியும் அந்த விலை தரமாட்டார். தந்தாலும் இங்கே அறுக்க முடியாது: தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வயது கடந்து உழவுக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ உடற்குறையாலோ தீராத நோயாலோ அவற்றுக்கு நிரந்தரமாக உதவாது என்றோ சான்று பெற்ற காளைதான் அறுப்புக்குப் போகலாம். அமெரிக்காவில் மலிவான மக்காச்சோளத்தைக் கொட்டி நாளுக்கு ஒன்றரை கிலோ ஏற்றுகிறார்கள். 2025 தொடக்கத்தில் அங்கே மாடுகளின் எண்ணிக்கை 1951-க்குப் பிறகு இல்லாத அளவு குறைந்து, விலையும் உச்சத்துக்குப் போனது. அந்த லாபக் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு: காளைக்கன்று. பசு ஈனுவதில் ஏறக்குறைய பாதி காளைதான். 2012-க்கும் 2019-க்கும் இடையில் இந்தியாவில் பசுக்கள் 18 சதவீதம் கூடின. காளை இனம் 30 சதவீதம் குறைந்தது. அந்தக் கன்றுகள் எங்கே போயின?

கட்டுத்தறியில் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும். நாளுக்கு இரண்டரை லிட்டர் வீதம் மூன்று மாதத்துக்கு 225 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றால் 7,875 ரூபாய். கிடேரி என்றால் நாளைக்குக் கறக்கும் என்று விடுகிறார்கள். காளை என்றால் மடி இறங்குவதற்கு மட்டும் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டுகிறார்கள். வயிறு உப்பி, மயிர் சிலிர்த்து, கழிச்சலில் கிடந்து அது மெல்லச் சாகிறது. பிழைத்தால் சில நூறு ரூபாய்க்குப் போகிறது. உழவுக்கு டிராக்டர், சினைக்கு ஊசி, வண்டிக்கு மோட்டார். திமில் சிறுத்த கலப்பினக் காளையின் கழுத்தில் நுகத்தடியும் சரியாக நிற்காது. காங்கேயம் காளைக்கும் புலிக்குளம் காளைக்குமாவது ரேக்ளாவும் வாடிவாசலும் இருக்கின்றன. ஜெர்சிக் காளைக்கன்றுக்கு யார் இருக்கிறார்கள்?

அடிமாட்டு விலை நன்றாக இருக்கும் வட்டாரத்தில் இந்தக் கன்றை ஓராண்டாவது மேய்ச்சலில் விடுகிறார்கள், பிறகு ஏதோ கிடைக்கும் என்று. விலை சரிந்தால் முதல் பட்டினி இதற்குத்தான். பால் கொடுத்த மாட்டைக் கறிக்கு விற்பதே பாவம் என்பவர்களின் மனத்தை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கண்ணில் லாரி படுகிற அளவுக்குக் கொட்டகை மூலையில் கிடக்கும் கன்று படுவதில்லை. பட்டினி போட்டுக் கொல்வதும் கொலைதான்.

பெட்டைக்கன்று பிறக்க வாய்ப்பு அதிகமுள்ள, பாலினம் பிரித்த சினை ஊசி இப்போது ஊட்டியிலேயே தயாராகிறது. பத்துக்கு ஒன்பது பெட்டையாக இருக்கும். கிராமத்து மருந்தகம் வரை, சாதாரண ஊசியின் விலைக்கே அது வர வேண்டும். பிறந்துவிட்ட காளைக்கன்றுக்கு ஆறு மாதம் தீவன மானியம் வேண்டும். சந்தைகளில் எடைமேடை வைத்து, உயிர் எடைக்கு விலை பேசச் செய்ய வேண்டும். அடுத்த கால்நடைக் கணக்கெடுப்பில், இருக்கும் மாட்டை எண்ணுவதோடு, செத்த கன்றையும் எண்ண வேண்டும்.

மாடு வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். காளையாக இருந்தாலும் பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் குடிக்க விடுங்கள். அந்தப் பாலை நீங்கள் விற்கப்போவதில்லை.