தோட்டத்து ரேடியோவில் ஒரே ஸ்டேஷன் இரண்டு இடத்தில் கேட்டது ஏன்?

உங்கள் தாத்தாவோ பாட்டியோ நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களா? பழைய ரேடியோ பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ராத்திரி இலங்கை வானொலியைப் பிடிக்க, முள்ளை மயிரிழை அளவு நகர்த்திய கதை வரும். பாட்டு நல்லா கேட்டுட்டு இருக்கும்போதே வேறு ஒரு ஸ்டேஷன் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்ற புலம்பலும் வரலாம்.

பலர் வானிலை மேல் பழி போட்டார்கள். வானிலைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1-ல் தொடங்கியபோது மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒலிபரப்பியது. அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் கேட்க ரேடியோ பெட்டிகள் வைக்கப்பட்டன. உள்ளூர் ஒலிபரப்பு கேட்க எந்தப் பெட்டியும் போதும். கொழும்பு சுமார் 2,500 கிலோமீட்டர், திருச்சி சுமார் 2,700 கிலோமீட்டர். அங்கிருந்து வரும் மெல்லிய சிக்னலைக் கேட்கத்தான் ஷார்ட்வேவ் உள்ள, நிறைய ஸ்டேஷன் எடுக்கும் ரேடியோ தேவைப்பட்டது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

முள்ளைத் திருப்பினால் உள்ளே என்ன நடக்கிறது?

டியூனிங் குமிழோடு ஒரு மாறும் கெப்பாசிட்டர் சேர்ந்து சுற்றும். அதன் மதிப்பு ஏறத்தாழ 9 மடங்கு மாறும். அலைவரிசை அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் மாறும், அதாவது 3 மடங்கு. மீடியம் வேவ் 531-லிருந்து 1,602 கிலோஹெர்ட்ஸ் வரை, கச்சிதமாக 3 மடங்கு. அதனால்தான் ஷார்ட்வேவுக்கு எஸ்டபிள்யூ-1, எஸ்டபிள்யூ-2 என்று தனித்தனி சுவிட்ச். ஒரே சுற்றில் எல்லாம் வராது.

சரி, சுவிட்ச் போட்டு எல்லாவற்றையும் எட்டிவிடலாம். எட்டியதில் ஒன்றை மட்டும் எப்படிப் பிரிப்பது? 1918-ல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையைத்தான் அந்தப் பெட்டிகள் பயன்படுத்தின. எந்த ஸ்டேஷன் வந்தாலும் அதை ஒரே நிலையான அலைவரிசைக்கு, பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றிவிடுவது. அந்த ஓர் இடத்தில் நல்ல ஃபில்டர் வைத்தால் போதும்.

மாற்றுவதற்கு ரேடியோ தானே ஒரு சிக்னலை உருவாக்கி, வருவதோடு கலக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 455 ஆக இருந்தால் உள்ளே விடும். வித்தியாசம் மேலேயா, கீழேயா என்பது அதற்குத் தெரியாது!

பேய் ஸ்டேஷன்

காஜாங்கை எடுத்துக்கொள்வோம். நீலாயிலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கிருந்து ஆர்டிஎம்மின் ஆங்கில ஒலிபரப்பு பல ஆண்டுகள் 7.295 மெகாஹெர்ட்ஸில், 100 கிலோவாட் சக்தியோடு வந்தது. உங்கள் ரேடியோ முள் 6.385-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உருவாகும் சிக்னல் 6.840. அதிலிருந்து 6.385-ஐக் கழித்தால் 0.455. 7.295-லிருந்து 6.840-ஐக் கழித்தாலும் 0.455. ரெண்டுமே உள்ளே வந்துவிடும். 6.385-ல் தூரத்து ஸ்டேஷன் ஒன்று முனகிக்கொண்டிருந்தால், அதன் மேல் காஜாங் ஆங்கிலத்தில் செய்தி வாசிக்கும். இதற்கு 'இமேஜ்' என்று பெயர். எப்போதும் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும்.

மீடியம் வேவில் இது பெரிய தொல்லை இல்லை. 600 கிலோஹெர்ட்ஸ் கேட்டால் இமேஜ் 1,510-ல். நடுவில் இரண்டரை மடங்கு தூரம். முன்வாசலில் இருக்கும் ஒரே ஒரு டியூனிங் சுற்றே அதைத் தடுத்துவிடும். 20 மெகாஹெர்ட்ஸில் இமேஜ் 20.91. நூற்றுக்கு ஐந்து பங்குகூட வித்தியாசம் இல்லை. முன்வாசல் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்.

விலை கூடிய பெட்டிகளில் முன்வாசலில் இன்னொரு டியூனிங் சுற்று இருந்தது. மாறும் கெப்பாசிட்டரில் இரண்டுக்குப் பதில் மூன்று அடுக்கு. கடையில் மூடியைத் திறந்து அடுக்கை எண்ணிப் பார்த்து வாங்கியவர்கள் புத்திசாலிகள்.

தென்னாப்பிரிக்கப் பொறியாளர் ட்ரெவர் வாட்லி வேறு மாதிரி யோசித்தார். சிக்னலைக் கீழே இறக்காமல், முதலில் மேலே ஏற்றினால்? 1950-களில் வந்த ராக்கால் ஆர்ஏ-17 ரேடியோ 30 மெகாஹெர்ட்ஸ் வரை வந்த எல்லாவற்றையும் முதலில் 40 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியது. இமேஜ் 80 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விட்டது. 30-க்கு மேல் எதையும் விடாத ஒரு சாதாரண ஃபில்டர் போதும், பேய் ஓடிவிடும். தோட்டத்துச் சம்பளத்தில் அதை வாங்க முடியாது என்பது வேறு விஷயம். பின்னாளில் பல கையடக்க ஷார்ட்வேவ் ரேடியோக்களுக்கு இதே யோசனை வந்து சேர்ந்தது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. வாசலை அகலமாகத் திறந்தால் எல்லா சிக்னலும் ஒன்றாக நுழையும். பலமான இரண்டு ஸ்டேஷன்கள் உள்ளே மோதி, இல்லாத இடங்களில் புதிய பேய்களை உருவாக்கும். அப்போது நீள ஏரியல் உதவாது, கெடுக்கும். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய கம்பியைக் கழற்றினால் தெளிவாகக் கேட்பது இதனால்தான். என்னைக் கேட்டால், வடிவமைப்பாளர்கள் செலவு செய்ய வேண்டிய இடம் இந்த வாசல்தான். டயலில் எத்தனை பேண்ட் என்று அச்சிடுவதில் அல்ல.

இப்போது மடிக்கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வாங்கியிருக்கிறீர்களா? அதில் பரவலாக இருக்கும் டியூனர் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும். தாத்தா கேட்டால் மயங்கிவிடுவார். ஆனால் அது சிக்னலை 256 படிகளாகத்தான் அளக்கும். பக்கத்து மலையிலிருந்து வரும் எஃப்எம் அந்தப் படிகள் முழுவதையும் பிடித்துக்கொண்டால், மெல்லிய சிக்னல் ஒரு படிகூட ஏறாது. எஃப்எம்மை மட்டும் வெட்டும் சிறிய ஃபில்டரை ஏரியலுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் மாட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஷார்ட்வேவ் கேட்க அந்த டாங்கிளில் 'டைரக்ட் சாம்ப்ளிங்' என்று ஒரு வழி உண்டு. விநாடிக்கு 2.88 கோடி முறை அளக்கும். பழைய பேய் அங்கே புது உடையில் வரும்: 7.295-ல் இருக்கும் ஸ்டேஷன், 28.8-லிருந்து அதைக் கழித்த 21.505-லும் பேசும்.

ஒரே நிகழ்ச்சி இரண்டு இடத்தில் கேட்டால் இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பெட்டியில் வித்தியாசம் 910 கிலோஹெர்ட்ஸ் அளவில் வந்தால், குறைவான எண்ணில் கேட்பது பேய். டைரக்ட் சாம்ப்ளிங்கில் கூட்டுத்தொகை 28.8 மெகாஹெர்ட்ஸ் வந்தால், பெரும்பாலும் 14.4-க்கு மேல் இருப்பதுதான் பேய்.