பிக்கப் வாங்கப் போறீங்களா? முதல்ல ஆர்.சி. புக்ல ஒரு கழித்தல் கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இங்க கோடு, சர்வர், வேலைன்னு பேசுவோம். இன்னைக்கு சப்ஜெக்ட் வேற. எங்க மாமாவோட பிக்கப் வண்டி.

நம்ம ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டுல இருக்கு. நெல்லு, மணிலா, கரும்புன்னு எல்லாமே ரோட்டுல ஏறித்தான் காசாகணும். 2005-ல டாடா ஏஸ் வந்துச்சு, நம்ம ஆளுங்க அதுக்கு 'குட்டி யானை'ன்னு பேர் வெச்சாங்க. 2011-ல ஓசூர்ல இருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்துச்சு. அதுக்கு மேல சைஸ்னா மஹிந்திரா பொலேரோ பிக்கப். யூடியூப்ல பாக்குற இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் வேற சாதி. வெள்ளை போர்டு போட்டு சொந்த உபயோகத்துக்கு ஓட்டுறது. நம்ம பேசப்போறது மஞ்சள் போர்டு வண்டி.

மாமா மூணு வருஷம் முன்னாடி ஒரு பழைய பிக்கப் வாங்கினார். புரோக்கர் சொன்னது ஒண்ணுதான்: "எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டி சார், எவ்வளவு வேணா ஏத்தலாம்." அந்த ஒரு வரிக்கே மாமா விழுந்துட்டார்.

கழித்தல் கணக்கு

ஆர்.சி.யில ரெண்டு எடை இருக்கும். ஒண்ணு வெறும் வண்டி எடை. இன்னொண்ணு லோடோட சேர்த்து அனுமதிச்ச மொத்த எடை. பெரிசுல இருந்து சின்னதைக் கழிச்சா வர்றதுதான் நீங்க ஏத்தக்கூடிய லோடு.

உதாரணத்துக்கு 1,300 கிலோன்னு வெச்சுக்கங்க. 75 கிலோ நெல் மூட்டைன்னா 17 மூட்டை. ஆனா மாமா உயரமா இரும்பு கிராதி அடிச்சிருந்தார். அது 120 கிலோ. சட்டப்படி வெறும் வண்டி எடையில டிரைவர் எடை சேராது. அதனால டிரைவரும் பக்கத்துல ஒருத்தரும் சேர்ந்து 140 கிலோ. மிச்சம் 1,040. அதாவது 13 மூட்டை. கிராதிக்கும் ஆளுக்குமே நாலு மூட்டை போயிடுச்சு.

மாமா ஏத்தினது எத்தனை தெரியுமா? முப்பது.

பட்டை கூட்டினா பலம் கூடுமா?

இங்கதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான். ஸ்பிரிங் பட்டை ஒண்ணு கூட்டினா வண்டி பின்னாடி தணியாது, அவ்வளவுதான். ஆக்சில், சேஸிஸ், டயர், பிரேக் எதுவுமே மாறலை. டயர் பக்கவாட்டுல ஒரு லோடு எண் இருக்கும். 104-ன்னா ஒரு டயர் 900 கிலோ தாங்கும். நீங்க பட்டை போட்டதால அது 105 ஆகிடாது.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒண்ணு இருக்கு. பல பிக்கப்கள்ல பின்பக்க பிரேக்குக்கு லோடைப் பொறுத்து அழுத்தத்தை மாத்துற ஒரு வால்வு இருக்கும். காலி வண்டியில பின் சக்கரத்துக்கு முழு அழுத்தம் குடுத்தா சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சுத்திடும். அதனால காலியா இருக்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும், லோடு ஏறினா கூட்டும். லோடு ஏறிடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பாடி எவ்வளவு கீழ தணிஞ்சிருக்குன்னு ஒரு கம்பி மூலமா பாக்கும்.

இப்ப யோசிங்க. கூடுதல் பட்டை போட்டாச்சு, பாடி தணியலை. வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலின்னு நினைக்கும். ரெண்டு டன் ஏத்தின வண்டிக்கு காலி வண்டியோட பின் பிரேக்! சாஃப்ட்வேர் பாஷையில சொல்லணும்னா, லாஜிக் சரியாத்தான் இருக்கு, இன்புட்டு பொய்.

ஒருநாள் சோமாசிபாடி தாண்டி வரும்போது ஆட்டு மந்தை குறுக்க வந்துச்சு. மாமா பிரேக்கை மிதிச்சார். வண்டி நின்னுச்சு, ஆனா நிக்க வேண்டிய இடத்துல நிக்கல. புளிய மரத்துக்கு ஒரு கை இடைவெளி. யாருக்கும் எதுவும் ஆகலை. அன்னைக்கு ராத்திரி மாமா சாப்பிடலை.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிடுச்சு. ஓவர்லோடுக்கு 2019 திருத்தப்படி 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

நல்ல செய்தியும் இருக்கு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம். 7,500 கிலோ வரைக்கும் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் போதும்னு 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு சொல்லிடுச்சு.

பழைய வண்டி வாங்கும்போது

• வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. சேஸிஸ்ல வெல்டிங் தழும்பு, பட்டை மாட்டுற இடத்துல விரிசல் இருந்தா எழுந்து வந்துடுங்க.
• பட்டைகளை எண்ணுங்க. கம்பெனி கணக்கைவிட ஒண்ணு கூட இருந்தா, அந்த வண்டியோட வாழ்க்கை வரலாறே அதுதான்.
• சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க.
• எஃப்.சி. தேதி பாருங்க. எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதுக்கு மேல வருஷா வருஷம்.
• ஃபைனான்ஸ் முடிஞ்சிருந்தா ஃபாரம் 35 கையெழுத்தோட வாங்குங்க. அபராத பாக்கியை பரிவாகன் தளத்துல பாருங்க.

கடைசியா, இதுதான் முக்கியம்

போன மாசம் எங்க வீட்டுல குலதெய்வம் கோயில்ல காது குத்து. மாமா சொன்னார், "நம்ம வண்டி இருக்கேடா மாப்ள, பின்னாடி தார்ப்பாய் விரிச்சா எல்லாரும் உக்காந்துக்கலாம்." இருபத்திரண்டு பேர். அதுல ஏழு குழந்தைங்க.

"வேணாம் மாமா"ன்னேன். "ஊரே அப்படித்தான்டா போவுது"ன்னார்.

2022 ஏப்ரல்ல ஜவ்வாது மலையில கோயிலுக்குப் போன சரக்கு வேன் கவிழ்ந்து பத்து பேருக்கும் மேல இறந்தாங்க. அவங்களும் ஊரே போற மாதிரிதான் போனாங்க. அப்புறம் இன்சூரன்ஸ். சரக்கு வண்டியில சரக்கோட சொந்தக்காரரும் அவரோட பிரதிநிதியும் போகலாம். மத்தபடி பின்னாடி ஏறின ஆளுக்கு நஷ்டஈடு குடுக்கிற பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லைன்னு ஆஷா ராணி வழக்குல 2002-லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியிருக்கு. அப்ப யார் குடுக்கணும்? வண்டி ஓனர். அதாவது நிலத்தை வித்து மாமா.

மாமா பதில் பேசலை. மறுநாள் வேன் பேசிட்டார். ஆளுக்கு முன்னூறு ரூபாய் கூடுதலா ஆச்சு. பிக்கப்ல அரிசி, அண்டா, விறகு, ஒரு கிடா மட்டும் போச்சு. கூடுதல் பட்டையைக் கழட்டிட்டார், கிராதி வீட்டுக்குப் பின்னாடி அவரைக்கொடிக்குப் பந்தலா நிக்குது.

இப்ப லோடுக்கு 13 மூட்டைதான் ஏத்துறார். ரெண்டு நடை அடிக்கிறார். டீசல் கூட ஆகுதுன்னு புலம்புறார். புலம்பட்டும். புலம்ப ஆள் இருக்காரே!

உங்க வீட்டு வண்டியோட ஆர்.சி.யை இன்னைக்கு எடுத்து அந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.